இறங்கினால் கலையும் கூட்டம்

ரிமோட் விமானத்தை மேலே ஏற்ற அப்படியொன்றும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். காற்றுக்கு எதிராக வீசிவிட்டால் மீதியை மோட்டார் பார்த்துக்கொள்ளும். வித்தையெல்லாம் இறக்குவதில்தான். ஆனால் வையம்பட்டிக்கு வெளியே வற்றிக் கிடக்கும் குளத்தில் கூடுகிற எங்கள் ரசிகப் பெருமக்கள் வித்தை பார்க்க வருவதில்லை. விழுவதைப் பார்க்க வருகிறார்கள்.

பறக்கவிட நல்ல ஊர்தான். திருச்சி விமான நிலையத்தை ஒட்டி இருந்தால் 2021 ட்ரோன் விதிகள் சொல்லும் சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம் எல்லாம் குறுக்கே நிற்கும். மணப்பாறையையும் தாண்டிய எங்களுக்குக் குறுக்கே நிற்பது சீமைக் கருவேலம் மட்டும். அவ்வளவு பெரிய குளத்தில் ஒற்றை மரம் நின்றாலும் விமானம் அதை விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்.

காற்றை எதிர்த்துத்தான் இறக்க வேண்டும். ஆடியில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். அம்மிக்கு இறங்கும் கவலை கிடையாது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒரு பிடி மண்ணை உதிர்த்துப் பார்த்து, "மேக்கால இருந்து வருது தம்பி" என்பார். கைபேசி சொல்லும் வானிலையைவிட எனக்கு அந்த மண் மேல் நம்பிக்கை அதிகம்.

அடுத்த சிக்கல், விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. மூளை யோசித்து முடிப்பதற்குள் கருவேலம் வந்துவிடும். அதனால் யோசிக்கவே கூடாது. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் போதும், நிமிர்ந்துவிடும்.

கடைசி மூன்றடி உயரம்தான் முழுப் பரீட்சை. த்ராட்டிலைக் குறைத்துவிட்டு, தரை தொடாதபடி மூக்கை இம்மியளவு தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தரையை நெருங்கினால் விமானம் இறங்க மனசில்லாமல் கொஞ்ச தூரம் மிதக்கும். மிதக்கட்டும் என்று விட்டால் வேகம் தீர்ந்து தானாக உட்காரும். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்துக் கூட்டம் மொத்தமும் "தூக்கு! தூக்கு!" என்று கத்தும். வேகம் குறைந்த விமானத்தை வெடுக்கென்று தூக்கினால் இறக்கை காற்றின் பிடியை விட்டுவிடும். அப்புறம் மூக்குதான் முதலில் தரை தொடும். ரிமோட்டைத் தொட்டே பார்க்காத மாமா ஒருவர்தான் இந்தக் கோஷத்துக்குத் தலைவர். விழுந்ததும், "நான் அப்பவே சொன்னேன்ல, தூக்குன்னு" என்பவரும் அவரே.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். எரிபொருள் தீர்ந்து எடை குறையட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியது. தமிழ்நாடே பொரியைக் கையில் பிடித்தபடி வாயில் போட மறந்து டிவி முன் உட்கார்ந்திருந்தது. பத்திரமாக இறங்கியது. மறுநாள் மாமா குளத்துக்கு வந்து, "நீயும் அதுமாதிரி சுத்திச் சுத்தி எடையைக் குறைச்சிட்டு இறக்கு" என்றார். நம்முடையது பேட்டரி. எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு கிராம்கூடக் குறையாது. சார்ஜ்தான் குறையும் என்றேன். "அப்ப சின்ன பேட்டரியா போடு" என்றார்.

அன்று மாலை காற்று ஓய்ந்திருந்தது. மாமா டீ குடிக்கப் போயிருந்தார். விமானம் மிதந்து வந்து, சக்கரம் தரை தொட்டது தெரியாமல் உருண்டு, என் காலடிக்குப் பக்கத்தில் நின்றது. கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் மட்டும் கிட்டே வந்து கேட்டான்: "அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்கு விழும்?"