ஐஸுக்கு நெருப்பு

அமெரிக்கக் குடும்பங்கள் ஊர் சுற்றும் ஆர்.வி. வண்டிகள் பலவற்றில், ஃபிரிட்ஜ் குளிர அடியில் கேஸ் எரியும். அம்மோனியாவைச் சுடவைத்துக் குளிர் வாங்கும் இந்த வித்தையைப் பம்ப் இல்லாமல் இயங்கும்படி 1922இல் மாற்றியமைத்தவர்கள் இரண்டு சுவீடன் மாணவர்கள். பழைய ஃபிரிட்ஜில் தீ பற்றாமல் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தால், உரிமையாளரின் சந்தேகம் நேரே விலை உயர்ந்த கன்ட்ரோல் போர்டு மீதுதான் பாயும். புதியது வந்து மாட்டியபின்னும் அதே 'டிக் டிக்'. தீப்பொறி தரும் இக்னைட்டர் முனையில் படிந்த கரி, முனைக்கும் பர்னருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் விலகிப்போன இடைவெளி, துருவேறிய எர்த் ஒயர், பர்னர் குழாயில் குடியேறிய சிலந்தி ஆகியோர் ஏழைகள் என்பதால் விசாரணைக்கே அழைக்கப்படுவதில்லை. கேஸை மூடிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பல வழக்குகள் தீர்ந்துவிடும். ஆனால், பில் இல்லாத ரிப்பேரை எந்த மனிதன் நம்புகிறான்?