தட்டைத் தின்ற பூனை

மெலமைன் தட்டு தெரியும்தானே? கீழே விழுந்தாலும் உடையாது. ஓரத்தில் பூப்போட்டிருக்கும். கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட்டில் ஒரு செட்டாவது பரணில் கிடக்கும். அதில் சாப்பாட்டைப் போடலாம். சாப்பாட்டில் அதைப் போடலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? சீனாவில் சில புண்ணியவான்களுக்குத் தோன்றியது.

கோதுமை மாவை எடுத்தார்கள். தட்டு செய்ய உதவும் மெலமைன் பொடியை அதில் கலந்தார்கள். மூட்டையின் மேல் 'கோதுமை குளூட்டன்' என்று எழுதி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். பூனை, நாய் டப்பாக்களில் குழம்பு கெட்டியாக நிற்கவும் புரதம் ஏறவும் குளூட்டன் வேண்டும். சோதித்தால் புரதம் அமோகம்! விலையும் சல்லிசு. வேறென்ன வேண்டும்?

சோதனை எப்படி ஏமாந்தது என்று கேட்டால், பதில் ஒரு பீர் கம்பெனியில் இருக்கிறது. 1883-ல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஜோஹன் கெல்டால் என்று ஒரு வேதியியலாளர். தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அவர் பார்த்தாக வேண்டும். புரதத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆனால் புரதத்துக்குள் நைட்ரஜன் உண்டு, அதை எண்ணுவது சுலபம். நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கு, வந்ததைப் புரதம் என்று எழுது! பந்தியில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள மண்டப வாசலில் செருப்பை எண்ணுகிற மாதிரி. அருமையான ஐடியாதான், எவனாவது மூட்டை மூட்டையாகச் செருப்பைக் கொண்டுவந்து கொட்டுகிற வரைக்கும்.

மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். முழுக்க முழுக்கச் செருப்பு, சாப்பிட ஆள் ஒருவர்கூட இல்லை.

2007 மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் கம்பெனி சுமார் 6 கோடி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போதுதான் பல வீடுகளில் இன்னொரு குட்டும் உடைந்தது. "எங்க வீட்டுப் பூனை சீப்பான சரக்கைத் தொடவே தொடாது" என்று பெருமையடித்தவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். அவர்களுடைய பிரீமியம் பிராண்டும் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் சூப்பர் மார்க்கெட்டில் அள்ளி வந்த மலிவு பிராண்டும் இருந்தது. கிட்டத்தட்ட 100 பெயர்கள், ஒரே தயாரிப்பாளர்!

பூனைகளின் சிறுநீரகம் செயலிழந்தது. டேஸ்ட் எப்படி என்று பார்க்கக் கம்பெனியே நடத்திய சோதனையில்கூடப் பூனைகள் செத்தன. என்ன விஷம் என்று தேடிய நியூயார்க் மாநில ஆய்வகம் முதலில் நீட்டிய விரல் எதன் பக்கம் தெரியுமா? எலி மருந்து! பல ஆயிரம் வருடப் பகையை எலிகள் ஒருவழியாகத் தீர்த்துக்கொண்டன என்று உலகமே வாயில் கைவைத்தது. ஒரே வாரம். எலிகள் நிரபராதி, குற்றவாளி தட்டுதான் என்றது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். மெலமைனும் அதன் உறவுக்கார சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்துக்குள் படிகமாக உறைந்திருந்தன.

மறு வருடமே அதே பொடி சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் அகப்பட்டது. பாதிக்கப்பட்டவை சுமார் 3 லட்சம் குழந்தைகள். அதில் சிரிக்க எதுவுமில்லை. பூனைகள் ஒரு வருடம் முன்பே மணியடித்துவிட்டன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

"இந்த டப்பா எழவெல்லாம் வருவதற்கு முன்னால் பூனைகள் எவ்வளவு நிம்மதியாக இருந்தன!" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பொற்காலத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடுவோம்.

விக்டோரியா மகாராணி காலத்து லண்டன். தெருத்தெருவாக ஒரு ஆள் கூவிக்கொண்டு வருவார். பூனைக்கறிக்காரர். பதறாதீர்கள், பூனையின் கறி இல்லை, பூனைக்குக் கறி. குச்சியில் கோத்த வேகவைத்த இறைச்சி. 1851-ல் ஹென்றி மேஹ்யூ லண்டனின் ஏழைத் தொழிலாளிகளைப் பற்றி எழுதியபோது இவர்களையும் விடவில்லை. நகரத்தில் 3 லட்சம் பூனைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். குரல் கேட்டதும் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். ஹோம் டெலிவரியை இவர்கள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள், ஆப் மட்டும்தான் பாக்கி.

கறி எதனுடையது? குதிரை. அதுவும் காலமெல்லாம் வண்டியிழுத்து, கடைசியில் கால் மடங்கி விழுந்த கிழட்டுக் குதிரை. 'ஆர்கானிக்', 'கிராஸ் ஃபெட்' என்றெல்லாம் இன்று லேபிள் ஒட்டுகிறார்களே, அது எல்லாமே அந்தக் குச்சியில் இருந்தது. என்ன நோயில் அது செத்தது என்ற விவரம் மட்டும்தான் இருக்காது.

ஆனால் மதிப்பில் குறைச்சல் இல்லை. 1901-ல் லண்டனின் பூனைக்கறிக்காரர்களுக்கு ஒரு பெரிய விருந்தே நடந்தது. சுமார் 250 பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெனுவில் என்ன கறி என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் யூகம்.

இவர்கள் பிழைப்பில் மண் போட வந்தவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட், அமெரிக்கர். 1860 வாக்கில் லண்டனுக்கு அவர் வந்ததே இடிதாங்கி விற்க. துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் கடித்துக்கொண்டிருந்தன. மாலுமியின் பல்லையே பெயர்க்கும் பிஸ்கட் அது. நாய் தின்கிறதே! இடிதாங்கி இடிந்தது, நாய் பிஸ்கட் பிறந்தது.

ஸ்ப்ராட் பிஸ்கட்டில் கோதுமை, பீட்ரூட், கூடவே 'பிரேரி' இறைச்சி. அந்த இறைச்சி எங்கிருந்து வந்தது? மனிதர் மூச்சுவிடவில்லை. சாகும்வரை ரகசியம். கம்பெனி பின்னால் பூனைக்கும் சாப்பாடு போட்டது. குதிரைக்கறியெல்லாம் உடம்புக்கு ஆகாது, இதைக் கொடுங்கள், பூனைக்குப் பரிபூரண ஆரோக்கியம் என்று விளம்பரம் வேறு. 'வைட்டமின்' என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. அதற்கெல்லாம் முன்னாலேயே ஸ்ப்ராட் கம்பெனி உத்தரவாதம் கொடுத்தாகிவிட்டது!

அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து, நாய் பிஸ்கட் விற்று வளர்ந்தவர்தான் சார்லஸ் கிரஃப்ட். உலகப் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை 1891-ல் தொடங்கியவர். அவர் வீட்டில் நாய் கிடையாது, பூனைதான் இருந்தது என்று சொல்வார்கள். தொழில் வேறு, குடும்பம் வேறு.

சரி, வியாபாரிகள்தான் அப்படி. விஞ்ஞானிகள்?

தெனாலிராமனின் பூனை ஞாபகம் இருக்கிறதா? ராஜா கொடுத்த பூனைக்குக் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து, அது பாலைக் கண்டாலே ஓடும்படி பழக்கினானே, அதே தடாலடியோடு 1932-ல் கலிஃபோர்னியாவில் ஒரு டாக்டர் இறங்கினார். பெயர் ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர். குடும்பம் நடத்தியது காசநோய் சானடோரியம். டாக்டருக்கு அப்போது பூனையின் சாப்பாட்டில் அக்கறை எதுவும் இல்லை. அட்ரினல் சுரப்பி மருந்தின் வீரியத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு அறுவை செய்யப் பூனை வேண்டும், அவ்வளவுதான். சமையலறையில் மிஞ்சிய வெந்த கறியைப் போட்டு வளர்த்தார். கத்தி பட்டதும் பூனைகள் மளமளவென்று செத்தன.

பூனைகள் பெருகின, மிச்சக் கறி போதவில்லை. மார்க்கெட்டில் பச்சைக் கறி வாங்கிப் போட்டார். பச்சைக் கறி தின்றவை பிழைத்தன! டாக்டர் அட்ரினலை ஓரங்கட்டினார். அடுத்த பத்து வருடம், சுமார் 900 பூனைகள், ஒரே கேள்வி: வெந்ததா, வேகாததா? வெந்த கறிக் கோஷ்டி தலைமுறைக்குத் தலைமுறை நோஞ்சானாகி, மூன்றாவது தலைமுறையில் வம்சமே தடுமாறியது. எல்லாம் முடிந்ததும், பூனைகள் இருந்த கூண்டு மண்ணில் பீன்ஸ் விதைத்து, எந்தக் கோஷ்டியின் எரு நல்ல எரு என்று அதையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். விடாக்கண்டன்.

இதைப் படித்த சிலர் என்ன முடிவுக்கு வந்தார்கள்? மனிதன் சமைத்துச் சாப்பிடுவதே தப்பு என்று! இன்றைக்கும் பச்சை உணவுப் பிரசங்கிகள் பாட்டெஞ்சரின் பூனைகளை மேடையேற்றுவது உண்டு. அடுப்பு மூட்டி லட்சக்கணக்கான வருடமாகச் சமைத்துத் தின்று இங்கே வந்து நிற்கிற ஒரு ஜீவராசி, பூனையிடம் டயட் சார்ட் வாங்குகிறது.

பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகப்படும் ஆசாமி வேறு. டாரின். 1827-லேயே ஜெர்மானிய விஞ்ஞானிகள் மாட்டுப் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள். காளைக்கான லத்தீன் சொல்தான் பெயரின் மூலம். இறைச்சியை வேகவைத்தால் தண்ணீரோடு நழுவிவிடும். நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். பூனைக்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது, எலியைப் பிடித்து அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எலியிடம் அது ஏராளம்.

டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-ல் தெரிந்தது. கம்பெனிகள் சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பார்த்துச் சேர்த்தன. எல்லாம் சுபம் என்று நினைத்தால், டப்பாச் சாப்பாடு தின்ற பூனைகள் இதயம் பலூன் மாதிரி வீங்கிச் சாகின்றன, வருடத்துக்கு ஆயிரக்கணக்கில். 1987 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பயன் என்பவரும் சகாக்களும் 21 பூனைகளின் கதையை வெளியிட்டார்கள். இதயம் தளர்ந்த அந்தப் பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைவு. டாரினைக் கொடுத்ததும் இதயம் தேறியது!

டப்பாவில் அளவு சரியாகத்தானே இருந்தது? இருந்தது. ஆனால் டப்பாவுக்காகச் சூடேற்றிய சாப்பாட்டில், பூனையின் குடல் பாக்டீரியாக்கள் நடுவில் புகுந்து டாரினைத் தின்றுகொண்டிருந்தன. மேலிடத்தில் ஒதுக்கிய மானியம் தாலுகா ஆபீஸ் தாண்டி வந்துசேர்கிற அதே லட்சணம்.

கம்பெனிகள் அளவைக் கூட்டின, அந்த இதய நோய் பூனைகளிடம் சரசரவென்று இறங்கியது. டாரின் ஒன்றும் கிடைக்காத வஸ்து இல்லை. அதே 1987-ல், ஏப்ரல் 1 அன்று, ஆஸ்திரியாவில் ஒரு புது டப்பா கடைக்கு வந்தது. டாரின் சேர்த்த டப்பா. வாங்கி மடக் மடக்கென்று குடித்தவை இரண்டு கால் ஜீவன்கள், சொந்த உடம்பிலேயே டாரின் தயாரித்துக்கொள்ளத் தெரிந்தவை. டப்பாவின் பெயர், ரெட் புல்.