‘மற்றவை’யில் கிடப்பவனின் விண்ணப்பம்

பெறுநர்:
பயனர் கருத்து ஆய்வுப் பிரிவு,
பெயர் சொன்னால் வம்பு என்பதால் பெயர் சொல்லப்படாத ஒரு செயலி நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் பெருமக்களே,

நட்சத்திரங்களை எண்ணி எண்ணியே செயலியை மெருகேற்றுகிறீர்களாம். வாழ்த்துகள். பணம் கட்டி முடிந்து பச்சை டிக் விழுந்த மறுவிநாடி ‘எங்களை மதிப்பிடுங்கள்’ என்று பெட்டி திறக்கிறது. பணம் போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அது ஒருநாளும் திறந்ததில்லை. பாயசம் குடித்து ஏப்பம் விட்டவரிடம் மட்டும் பந்தி எப்படி என்று கேட்கும் இந்தச் சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது.

என் குறை சின்னது. ஒரே ஒரு சாய்கோடு. என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, இன்னாருடைய மகன் என்று சொல்லும் ‘ஏ/எல்’ இருக்கிறது. ‘அடையாளக் கார்டில் உள்ளபடியே பெயரை நிரப்பவும்’ என்கிறது உங்கள் படிவம். நிரப்பினேன். ‘சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை.’ கோட்டை எடுத்தேன். ‘அடையாளக் கார்டுடன் பெயர் பொருந்தவில்லை.’ சரி, புகார் கொடுப்போம் என்று கருத்துப் படிவத்தைத் திறந்தால், அங்கும் முதல் கேள்வி பெயர்தான்! ஆக, என் புகார் உங்களிடம் வராது. வராததால் குறையே இல்லை. இந்தக் கணக்கில் தணிக்கையாளரே வந்தாலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் குறியீடுகளைத் தடுப்பதற்குக் காரணம் உண்டு; அவற்றில் ஒளிந்துகொண்டு கள்ளக் கட்டளை தரவுத்தளத்துக்குள் புகும் என்பது உண்மைதான். வரும் எழுத்தைக் கட்டளையாகப் படிக்காமல் வெறும் தரவாக வாங்கிக்கொள்ளும்படி நிரல் எழுதுவது அதற்குப் பழைய வைத்தியம். உங்களுக்கோ வாசலிலேயே விரட்டுவது சுலபம். விரட்டப்படுவது யார்? மலேசியாவில் சுமார் 20 லட்சம் இந்தியர்கள். பெரும்பாலோர் பெயரில் ‘ஏ/எல்’ அல்லது, மகள் என்றால், ‘ஏ/பி’. கெடா, பெர்லிஸ் சயாமியர் பெயர்களிலும் இதே கோடு. உங்கள் அறிக்கையில் ‘மற்றவை’ என்று தலைப்பிட்டு மூடிவைக்கத் தோதான சிறுபான்மைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒருவர் சொன்னாலே காதுகொடுக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 ஜனவரி 2ஆம் தேதி அரசாங்கம் மக்கள் விவரங்களைத் திரட்டும் ‘பாடு’ தரவுத்தளத்தைத் தொடங்கியபோது, பிறருடைய அடையாளக் கார்டு எண்ணை வைத்தே கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் பகிரங்கமாகச் சொன்னார். ஓட்டை அடைக்கப்பட்டது. சொன்னவர்கள் எத்தனை பேர், சராசரி எத்தனை நட்சத்திரம் என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஆய்வு முறையே தெரியாதவர்கள் போலிருக்கிறது.

முகவரியில் உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘சிம்பாங் அம்பாட்’ என்று தட்டினால் உங்கள் செயலி மலாக்காவுக்கு ஓடுகிறது. 14100 என்று அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பினாங்குக்குத் திரும்பி, ஜார்ஜ்டவுனில் போய் நிற்கிறது. நாங்கள் பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தென் செபராங் பிறையில் இருக்கிறோம் ஐயா.

அடுத்த பதிப்பில் கறுப்புத் திரை வருகிறதாமே, நல்லது. அதற்கு முன் உங்கள் அலுவலகத்து இந்திய ஊழியர் ஒருவரை அழைத்து, அவர் பெயரை அந்தப் பெட்டியில் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். அவர் எப்போதோ தட்டிப் பார்த்து, அவரும் ‘மற்றவை’யில்தான் கிடக்கிறார் என்றால், என் வணக்கத்தை அவரிடம் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
அனுமதியில்லாத குறியீடு உடையவன்