மாட்டுவண்டிக்கு எட்டு, மனுசனுக்கு எத்தனை?

சாலை விதிமுறைகளை வகுக்கும் புதுடெல்லி இந்திய சாலைகள் காங்கிரஸ் அவர்களுக்கு, வாசுதேவநல்லூர்ப் பாதசாரி ஒருவனின் பணிவான விண்ணப்பம்.

திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. குற்றால சீசனில் கார், கார்த்திகையில் ஐயப்ப பக்தர் வேன், வருசம் முழுக்கக் கேரளத்துக்குச் சரக்கு லாரி. வண்டிகளை எண்ணுகிறவருக்கு வேலைப் பஞ்சமே இல்லை.

தாங்கள் 1972இல் வகுத்த கணக்கெடுப்பு விதிப்படி வருசத்துக்கு இருமுறை, ஏழு நாள், ராப்பகலாக எண்ண வேண்டும். எண்ணியதைக் கார்க் கணக்காக மாற்றும் தங்கள் அட்டவணையிலோ கார் என்றால் ஒன்று, பைக் அரை, லாரி மூன்று, மாட்டுவண்டி எட்டு! பூலித்தேவன் சீமையில் காளைக்கு இவ்வளவு மரியாதை கண்டு பூரித்துப்போனோம். கைவண்டிக்குக்கூட மூன்று உண்டு. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதைத் தள்ளியவர் நடந்தால் மட்டும் பட்டியலில் இடமில்லை.

முன்பு மரத்தடியில் ஆள் உட்கார்ந்து நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். நடுச்சாமத்துக்கு மேல் லாரிகள் அவர் கனவில் ஓடும். விடிந்து பார்த்தால் கோடுகள் மட்டும் வரிசை பிசகாமல் இருக்கும். இந்தக் குறை தீர ரப்பர் குழாய் வந்தது. அச்சு ஏறினால் காற்று அழுந்தும், எண் கூடும். இரண்டு அச்சுக்கு ஒரு வண்டி. தாங்கள் எட்டு காருக்குச் சமம் என்ற மாட்டுவண்டிக்கு இருப்பதோ ஒரே அச்சு. ஆக, குழாய்க் கணக்கில் அரை வண்டி! ஆள் மிதித்தால் அதுவும் கிடையாது. இப்போது கேமரா தலையையும் எண்ணுகிறதாம். சந்தோஷம்.

ஆனால் 1988 வழிகாட்டியில், பாதசாரிக் கடவைக்குத் தாங்கள் சொன்ன வாய்பாட்டைக் கவனியுங்கள். உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்களோ, அதை வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால் பத்துக் கோடி தாண்ட வேண்டும். 500 வண்டி ஓடினால் 400 பேருக்கு மேல் கடக்க வேண்டும். 1000 வண்டி என்றால் 100 பேரைத் தாண்டினால் போதும். எங்களைவிட லாரிகளைப் பெருக்குவதே லாபம் என்று புரிந்துகொண்டோம்.

சிக்கல், 1000 வண்டிக்கு நடுவே யார் கடப்பார்? சுருக்குப் பையோடு கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பும் ஆச்சி, கேமராவுக்குக் கடக்காதவர். ரோடு மோசமாக மோசமாகக் கடப்பவர் குறைவார். கடப்பவர் குறையக் குறையக் கடவை தேவையில்லை என்று தங்கள் வாய்பாடே சாட்சி சொல்லும். மரத்தடி ஆளாவது ஆச்சியைக் கண்ணால் பார்த்திருப்பார். எழுதத்தான் அவருக்குக் கட்டம் இல்லை.

ஆகவே, அடுத்த படிவத்தில் ‘நின்று பார்த்துத் திரும்பியவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்துத் தருமாறும், அதை நிரப்பத் தூங்காத ஆள் ஒருவரை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாட்டுவண்டி இல்லாத வாசுதேவநல்லூர்க்காரன்