படுத்தால்தான் பில்

குடல்வால் அறுவை முடிந்து நாலாம் நாள். நோயாளி நாலு இட்லி சாப்பிடுகிறார், வராந்தாவில் உலாத்துகிறார், டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துத் திட்டுகிறார். மாத்திரை மட்டும் அவருக்கு இறங்காதாம். எட்டு மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து பாட்டிலை மாட்டுகிறார். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் படுத்து எழுந்தவர்களுக்குப் பழகிய காட்சி. பில் கட்டியதும் தொண்டை திறந்துவிடும். அதே மருந்து மாத்திரையாக வீட்டுக்கு வரும்.

விழுங்கினாலும் அது ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேரக்கூடிய மருந்து. நரம்பில் ஏறினால் அதற்குத் தனி வீரம் பிறப்பதில்லை. அறை வாடகையும் நர்சிங் சார்ஜும்தான் பிறக்கின்றன.

குடல்வால் வெடிக்கவில்லையா? கத்தி வைக்கும் முன் ஒரு டோஸ் போதும். அறுவை முடிந்த பிறகும் தடுப்பு மருந்தை நீட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. வெடித்துச் சீழ் பிடித்தால் நரம்பு ஊசி வேண்டும்தான். அங்கும் ஐந்து நாளுக்கு இரண்டு நாள் சளைத்ததல்ல என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

ஆனால் லான்செட்டா கேஷ்லெஸ் அப்ரூவல் தருகிறது? வெறும் மாத்திரைக்கு எதற்குப் படுக்கை என்று காப்பீட்டுக்காரர் கிளெய்மைத் தள்ளுவார். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வயிற்றுக்கு முன்பே பாலிசியைத் தடவிப் பார்க்கிறார்கள். நாம் மட்டும் யோக்கியமா? ட்ரிப்ஸ் ஏத்தாதவரெல்லாம் ஒரு டாக்டரா என்று கேட்கிற ஜனம்தானே!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்ததே 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் இல்லம். வீட்டிலிருந்தே மாத்திரை விழுங்கிய ஏழைகளும் சானடோரியத்தில் படுத்தவர்களுக்குச் சமமாகவே குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகுக்கு நிரூபித்ததும் இதே சென்னைதான். காசத்துக்கே படுக்கை வேண்டாம் என்ற ஊர், விரலளவு குடல்வாலுக்குக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை.

வீணாக ஏற்றும் மருந்தில் கிருமி பாடம் படிக்கிறது. மருந்துக்கு மசியாத என்.டி.எம்-1 கிருமிகளைப் பற்றி 2010-ல் வந்த ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். டெல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிருமி மேல் அல்ல. அதன் பெயரில் 'புது டெல்லி' இருக்கிறதாம்.