ஸ்தாபகரின் ஜாதகம்

காக்ஸ் டவுனுக்கு காக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரை வைத்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மனிதர் வந்தார், கையெழுத்துப் போட்டார், போனார். ஆனால் நியாயமாகப் பார்த்தால், இந்தப் பேட்டைக்கும் அக்கம்பக்கத்து ஃப்ரேசர் டவுனுக்கும் ஓர் எலியின் பெயரை வைத்திருக்க வேண்டும். எலி வேண்டாமென்றால் அதன் முதுகில் சவாரி வந்த தெள்ளுப்பூச்சியின் பெயர். அதுவும் வேண்டாமென்றால் பூச்சியின் வயிற்றில் வாடகை கொடுக்காமல் குடியிருந்த கிருமியின் பெயர்.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு பிளேக் வந்தது. ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி, டிக்கெட் எடுக்காமல் வந்து இறங்கியது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். செத்தவர்களைவிட அதிகம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து கன்டோன்மென்டில் நெருக்கியடித்துக் குடியிருந்த நம்மவர்களும் அதில் உண்டு. ஓடாதவர்களை சர்க்கார் பிடித்து ஊருக்கு வெளியே கொட்டகையில் உட்காரவைத்தது. கூரையைப் பிரித்து வீட்டுக்குள் வெயிலை விட்டது. தடுப்பு வேலைக்கென்று டெலிபோன் கம்பி இழுத்தது. இந்த ஊர் கம்பியை நம்பிப் பிழைப்பதில் எலிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எந்த ஐடி கம்பெனியும் தன் வரலாற்றில் போடுவதில்லை. ஜனங்கள் சர்க்காரை முழுதாக நம்பவில்லை. பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். கோயம்புத்தூரிலும் அப்படியே. அம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன, கொட்டகைகள் இல்லை.

கொஞ்சம் மூச்சுவிட்டதும் அதிகாரிகளுக்கு ஞானம் வந்தது: வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டினால் என்ன? மைசூர் மகாராஜா பக்கத்தில் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. கன்டோன்மென்ட் பக்கத்தில் ஃப்ரேசர் டவுன், பிறகு அதையொட்டி மற்ற டவுன்கள். ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் என்ற இன்ஜினியர், எலி வளை தோண்ட முடியாத அஸ்திவாரம் போட்டு பிளேக் புகாத நகரம் கட்டுவது எப்படி என்று 1914இல் ஒரு புத்தகமே எழுதினார். ராத்திரி பத்து மணிக்கு மேல் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் நடந்து பாருங்கள். எலிகள் அந்தப் புத்தகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, நோய் இங்கே வருவதற்கு முன்பே காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. 1894 ஜூனில், பிளேக் பிடித்த ஹாங்காங்குக்கு இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஜப்பானின் கிட்டசாட்டோ. கூடவே ஒரு பரிவாரம். ஆங்கிலேய டாக்டர்கள் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வரவேற்று, ஆஸ்பத்திரியில் அறை கொடுத்து, பிணமும் கொடுத்தார்கள். இன்னொருவர் அலெக்ஸாந்தர் யெர்சின், பிரெஞ்சுக்காரர்களுக்காக சைகோனிலிருந்து வந்தவர். அவருக்கு அறையும் இல்லை, பிணமும் இல்லை. பெண்வீட்டார் கவனிக்காத சம்பந்தி மாதிரி, வெளியே ஒரு ஓலைக்குடிசை போட்டுக்கொண்டார். பிணங்களைப் புதைக்கக் காவலிருந்த மாலுமிகளின் கையில் கொஞ்சம் காசை அழுத்தி, சவக்கிடங்குக்குள் நுழைந்து, செத்தவர்களின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருந்த நெறிக்கட்டியை வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கிருமி கும்பலாக நின்றிருந்தது. லஞ்சம் கொடுத்து மனித குலத்துக்கு நன்மை நடந்த அபூர்வ சம்பவம் அது.

கிட்டசாட்டோ சில நாள் முந்திக்கொண்டு அறிவித்தார். ஆனால் அவருடைய மாதிரியில் வேறு கிருமியும் கலந்திருந்தது என்று பிற்பாடு சண்டை. இந்தக் ‘கலப்பட’ச் சமாசாரத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வரும். சண்டை நடக்கட்டும் என்று கிருமியை பாஸ்டர் பெயரிலேயே வெகுகாலம் வைத்திருந்தார்கள். யெர்சின் 1943இல் இறந்துபோனார். அடுத்த வருஷம்தான் அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தது. யெர்சினியா பெஸ்டிஸ். அரியர்ஸ் கைக்கு வருவதற்குள் ஆள் போய்விடுவது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல.

தெள்ளுப்பூச்சி விஷயமும் அப்படியே. 1898 ஜூனில் கராச்சியில் ஒரு ஹோட்டல் அறையில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர், செத்த எலியின் உடம்பிலிருந்து பூச்சி தாவி நல்ல எலியைக் கடித்து நோய் தருவதை நிரூபித்தார். பெங்களூருக்கு பிளேக் ரயிலேறி வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு தந்தி போதும். ஆனால் கேட்டவர்கள் சிரித்தார்கள், வருஷக்கணக்கில் சிரித்தார்கள். அந்தப் பூச்சிக்கு 1903இல் பெயர் வைத்தவர் சார்லஸ் ராத்ஸ்சைல்டு. தொழில் வங்கி, பொழுதுபோக்கு தெள்ளுப்பூச்சி. சூடானில் பிடித்த பூச்சிக்கு எகிப்து பிரமிடு ராஜா கியாப்ஸின் பெயரை வைத்தார். அதற்குமேல் கேள்வி கேட்க யாருக்கும் தைரியமில்லை, ஆள் ராத்ஸ்சைல்டு.

பெயர் விஷயத்தில் எங்கள் தெருவும் சளைத்ததல்ல. சாக்கடையிலிருந்து எட்டிப்பார்க்கும் அந்தப் பெரிய ஜீவனை நாங்கள் பெருச்சாளி என்போம், கன்னடக்காரர் ஹெக்கணா என்பார், தெலுங்குக்காரர் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி என்பார். வெள்ளைக்காரன் பந்திகொக்குவை ‘பேண்டிகூட்’ ஆக்கி, கப்பலில் எடுத்துப்போய், ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பை வைத்திருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பிராணிக்கு மாட்டிவிட்டான். இன்று உயிரினத் தரவுத்தளத்தில் ‘பேண்டிகூட்’ என்று தேடினால் அந்தப் பைக்காரன் வந்து நிற்கிறான். நம்மாள் ‘பேண்டிகோட்டா இண்டிகா’ என்று லத்தீனில் கேட்டால்தான் வருவார். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறு இன்னும் மோசம்: அது எலியே இல்லை, எலிக்குப் பங்காளிகூட இல்லை என்கிறது அதே தரவுத்தளம். விநாயகர் சதுர்த்தியில் இதைச் சொல்லிப் பார்த்தேன்; கொழுக்கட்டை கிடைக்கவில்லை. நம்பாதவர்கள் இந்திய உயிர்ப்பன்மை இணையதளத்தில் படம் போட்டுக் கேட்கலாம். பெங்களூர் ஆசாமிகளும் சேர்ந்து 2008இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பூச்சியோ பூவோ எலியோ ஏற்றலாம், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், தெரியாதவர்களும் சொல்வார்கள்.

கிருமியின் கதைக்கு வருவோம். பெயர் வைத்தாயிற்று, ஜாதகம் கணிக்க வேண்டாமா? ஜாதகம் என்றால் அதன் மரபணு எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி, நாலே நாலு. இவற்றைச் சேர்த்துவைக்க ஒரு பெட்டி வேண்டும். 1965இல் அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்ற அம்மையார் அப்போது தெரிந்திருந்த 65 புரதங்களின் வரிசையை ஒரே புத்தகமாகப் போட்டார். கம்ப்யூட்டரில் இடம் மிச்சம் பிடிக்க அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை எழுத்துக் குறியீடு வைத்ததும் அவர்தான். பெட்டி யாருக்கு என்று சர்க்கார் டெண்டர் விட்டபோது அவரும் நின்றார். ஆனால் அவர் தொகுப்பைக் காசுக்கு விற்பார், வாங்கியவர் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பார். வால்ட்டர் கோட் என்ற பௌதிகக்காரரின் தரப்பு, பெட்டிக்குப் பூட்டே கிடையாது என்றது. 1982இல் ஜென்பேங்க் என்ற அந்தப் பெட்டி அவர்களுக்குப் போனது. இடம் லாஸ் அலமோஸ். அணுகுண்டு செய்த ஊர். உலகத்திலேயே அதிக ரகசியம் காத்த காம்பவுண்டுக்குள்தான் ரகசியமே இல்லாத பெட்டி திறந்தது.

முதலில் விஞ்ஞானிகள் எதையும் அனுப்பவில்லை. பத்திரிகைகளில் அச்சான வரிசைகளைப் பார்த்து ஆள் வைத்துத் தட்டினார்கள். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏஎஸ்டிஎஃப்’ தாண்டாமல் நின்றுபோன என் போன்றவர்களுக்கு ஏற்ற உத்தியோகம். நாலு விசை போதும். 1982 டிசம்பரில் பெட்டியில் இருந்தது 606 வரிசைகள், மொத்தம் 6,80,338 எழுத்துகள். பிற்பாடு வரத்து பெருகி, தட்டுபவர்கள் பின்தங்கி, கடைசியில் பத்திரிகைகளே ‘பெட்டியில் போட்டுவிட்டு வா, அப்புறம் கட்டுரையைப் பார்க்கலாம்’ என்று கண்டித்தன. 1996இல் பெர்முடா தீவில் கூடிய மனித மரபணுக்காரர்கள், படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்தத் தீவின் கடற்கரையைப் பார்த்தால் யாருக்கும் தாராள மனசு வரும்.

2001இல் எங்கள் பேட்டையின் ஸ்தாபகர், அதாவது பிளேக் கிருமியின் முறை. இங்கிலாந்தின் சேங்கர் மையம் அவருடைய ஜாதகத்தை முழுசாகக் கணித்தது. குரோமோசோமில் மட்டும் 46,53,728 எழுத்துகள், 1982இல் மொத்தப் பெட்டியில் இருந்ததைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. சாம்பிள் எங்கள் கிருமி அல்ல, அதன் அமெரிக்கப் பங்காளி: 1992இல் கொலராடோவில் ஒரு பூனையிடமிருந்து ஒரு மனிதருக்குத் தொற்றி அவரைப் பலிகொண்டது. ஹாங்காங்கிலிருந்து ஒரு கிளை கப்பலேறிக் கிழக்கே போனது, ஒரு கிளை பம்பாய் வழியாக நம்மிடம் வந்தது, குலம் ஒன்றுதான். எலி பிடிக்க வேண்டிய பூனையே ஏஜென்டாக மாறியது தனிக்கதை.

ஜாதகத்தில் சுமார் 150 செத்த மரபணுக்கள் இருந்தன. இந்தக் கிருமி ஒரு காலத்தில் வெறும் வயிற்றுவலிக் கிருமி. கொலைத் தொழிலுக்கு மாறியதும் பழைய தொழிலின் சாமான்களைத் தூக்கிப்போடவில்லை. மெஸ்ஸை மூடிவிட்டு ‘சாப்பாடு தயார்’ போர்டைக் கழற்றாத ஆள் மாதிரி.

திறந்த பெட்டி என்றால் விபரீதமும் உண்டு. 2015 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு குழு சுரங்க ரயிலின் கைப்பிடி, பெஞ்சு எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, அதிலிருந்த மரபணுத் துண்டுகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, பிளேக் கிருமியின் சுவடு இருப்பதாகச் சொன்னது. நாளிதழ்கள் குதித்தன, சுகாதாரத் துறை எகிறியது. சில மாதத்தில் திருத்தம் வந்தது: அப்படி ஆதாரமில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரியிருக்கும் துண்டுகளைப் பார்த்து, மூக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக ஊர்பேர் தெரியாதவரைச் சித்தப்பா என்று கட்டிப்பிடித்த கதை. கிட்டசாட்டோ எங்கிருந்தோ சிரித்திருப்பார்.

இப்போது ஃபரிதாபாத்திலும் நமக்கென்று ஒரு பெட்டி, இந்திய உயிரியல் தரவு மையம், 2022இல் திறந்தாயிற்று. நல்லது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அதைவிடச் சின்ன விஷயம். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு காத்தா, நம்ம ஊரில் பட்டா மாதிரி ஒன்று, நகல் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். நாலு தடவை. ஆதார், வரி ரசீது, இரண்டு போட்டோ, அவற்றின் ஜெராக்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஐந்தாம் தடவை குமாஸ்தா மரியாதையாக உட்காரவைத்து உண்மையைச் சொன்னார்: “பழைய ரிஜிஸ்டரை எலி கடிச்சிடுச்சு சார்.”

எங்கள் ஸ்தாபகரின் ஜாதகம் ஜென்பேங்கில் பத்திரமாக இருக்கிறது. நம்பர் ஏஎல்590842. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், ஜெராக்ஸ் கேட்கமாட்டார்கள்.