ஒயர் வித்வான்

புது டிவி வாங்குகிற சேதி, கடைக்காரருக்கு அடுத்தபடியாக இவர் காதுக்குத்தான் போகும். காதுகுத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்து, நாலு முறை போன் போட்டால்தான் வருகிற மனிதர், டிவி என்றால் அழையாமலே வந்து நிற்பார். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பதவி சகலைக்கு. சகலை இல்லாதவர்களுக்கு எதிர் ஃபிளாட்டில் ரிட்டயர் ஆன ஒருவர் அமைவார். பதவி காலியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. நாம் சகலையையே வைத்துக்கொள்வோம், அவர்தான் அசல்.

வந்தவர் டிவியின் முகத்தைப் பார்க்க மாட்டார். முன்பக்கம் பாமரர்களுக்கு. செருப்பைக் கழற்றிய வேகத்தில் பின்பக்கம் போய், செல்போன் டார்ச்சைப் போட்டு, சுவருக்கும் டிவிக்கும் நடுவே தலையை நுழைப்பார். உள்ளேயிருந்து "ம்ஹூம்" என்று ஒரு சத்தம் வரும். எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் விடுகிற அதே "ம்ஹூம்". தவணையில் 55 அங்குலம் எடுத்த வீட்டுக்காரருக்கு அடிவயிறு கலங்கிவிடும்.

"என்ன ஒயர் போட்டிருக்கீங்க, சகலை?"

"பழைய டிவியில இருந்ததையே செட்டாப் பாக்ஸ்ல மாட்டியிருக்கேன். டப்பாவுக்குள்ள ஒரு ஒயர் கொடுத்திருக்கான், அதை இன்னும் பிரிக்கலை."

"அதானே பார்த்தேன்."

உடனே பை திறக்கும். ஜவுளிக்கடைக் கட்டைப்பை. உள்ளே மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் தலைகளோடு ஒரு ஒயர். ஐந்து தலையோடு இன்னொன்று. இரு முனையிலும் நீல மூக்கும் திருகாணியும் வைத்த வி.ஜி.ஏ. ஒயர் ஒன்று; 1987-இல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒவ்வொன்றுக்கும் போட்டிருந்த ரப்பர் பேண்ட் என்றோ உருகி, ஒயரோடு ஒன்றாகிவிட்டது. எதையும் அவர் உபயோகிக்கப் போவதில்லை. ஆனால் எடுத்துக் கடைபரப்பாமல் பேச்சு வராது.

பேச்சு 1982 ஆசிய விளையாட்டில் தொடங்கும். தூர்தர்ஷன் கலருக்கு மாறியது, மொட்டைமாடி ஆன்டெனா, காக்கா உட்கார்ந்தால் படம் ஆடியது எல்லாம் வந்துபோகும். அடுத்து வி.சி.ஆர்., மஞ்சள் ஒயர். வெளிச்சத்தையும் கலரையும் ஒரே கம்பியில் திணித்து அனுப்பினால் படம் எப்படித் தெளிவாக இருக்கும் என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் படத்தை மட்டும் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பினார்கள். சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு. மொத்தம் ஐந்து தலை. அதில் சிவப்பு இரண்டு! எந்தச் சிவப்பு படத்துக்கு, எந்தச் சிவப்பு சத்தத்துக்கு என்று மாறிப்போய், ஹீரோ பச்சையடித்து நிற்க, ஸ்பீக்கர் கர்ரென்று உறுமிய வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சிவப்பை மாற்றிச் செருகியவர் இவர்தான். அந்தப் புகழை இன்னும் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு தூரம் அவர் சொல்வதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஒயர் மட்டமென்றால் படத்தில் நிழல் விழும், கோடு ஓடும். நல்ல ஒயர் போட்டால் நிஜமாகவே படம் தேறும். 2002 கடைசியில் எச்.டி.எம்.ஐ. வந்தது. பத்தொன்பது பின், படமும் சத்தமும் ஒரே தலையில், எல்லாம் எண்களாக. சகலையின் அறிவு அதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டது. வாய் மட்டும் வண்டியில் தொடர்கிறது.

"தங்கமுலாம்," என்று கட்டைப்பையின் அடியிலிருந்து ஒரு பொட்டியை எடுப்பார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி 2,000 ரூபாய்க்கு வாங்கியதாம். அதே நீளம் அதே தெருவில் 200 ரூபாய்க்கும் கிடைக்கும் என்பதை அவர் சொல்ல மாட்டார், நாமும் கேட்கக்கூடாது. மாமியார் மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முனையைத் திருப்பிப் பார்ப்பார்.

"பவுன் விக்கிற விலையில இதுல போயா தடவுறான்? சேதாரம் உண்டா மாப்பிள்ளை?"

தங்கம் துருப்பிடிக்காது. திருவான்மியூரில் கடற்காற்று அடிக்கிற வீட்டில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் படத்தின் நிறத்துக்கும் அந்தப் பவுனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எச்.டி.எம்.ஐ. ஒயர் கெட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், படம் விட்டு விட்டு வரும், இல்லையென்றால் ஒரேயடியாக "நோ சிக்னல்" என்று கையை விரிக்கும். சிவப்பு கொஞ்சம் வெளுத்து, நீலம் கொஞ்சம் மங்கி, என்று அரைகுறையாகக் கெடுகிற வழக்கம் அதற்குக் கிடையாது.

ஒயரைச் செருகிவிட்டு, நாலடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இப்பப் பாருங்க. சிவப்புல ஒரு ஆழம் வந்திருக்கா?"

குடும்பமே அந்த ஆழத்தைத் தேடும். மைத்துனி புருஷனாயிற்றே என்று வீட்டுக்காரர் "ஆமாமா" என்பார். மனைவிக்குத் தங்கை வீட்டு மானம். "தோலெல்லாம் நல்லாத் தெரியுது" என்பார். கல்லூரிக்குப் போகிற பையன் மட்டும் வாயைத் திறக்காமல் செல்போனுக்குள் குனிந்துகொள்வான்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்டலேஷன் பையன் வருவான். ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அமுக்குவான்.

"சார், டிவி இன்னும் ஏ.வி.யிலதான் ஓடிட்டிருக்கு. மஞ்சள் ஒயரைக் கழட்டவே இல்லையே."

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்றால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போயிருப்போம். சகலை அசைய மாட்டார். "பக்கத்து ஜாக்குல நல்ல ஒயர் இருந்தா, அது இதுக்கும் கொஞ்சம் இழுக்கும் தம்பி" என்பார்.

பையன் எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவான். அப்போதும் படம் சுமார்தான். செட்டாப் பாக்ஸின் செட்டிங்கில் 576 என்று இருக்கும்; அதை 1080 ஆக்குவான். எழுத்துகள் சட்டென்று கூர்மையாகும். மாமியாரின் சீரியல் மட்டும் அப்படியே கலங்கியிருக்கும்.

"இது சாதா சேனல்ம்மா. வர்றதே அவ்வளவுதான். எச்.டி. பேக் போடச் சொல்லுங்க."

"அதுக்கு மாசாமாசம் தனியாக் கட்டணுமே" என்று, ஒயருக்கான 2,000 ரூபாயை எண்ணிக்கொண்டே வீட்டுக்காரர் இழுப்பார்.

தோற்ற இடத்தில் வித்வான் நிற்பதில்லை, வெர்ஷனுக்குப் போய்விடுவார். 2009-இல் 1.4, 2013-இல் 2.0, அதில் 18 கிகாபிட், 2017-இல் 2.1, அதில் 48 கிகாபிட். கணக்கு அத்தனையும் சரி. ஆனால் ஒயர் வாங்குகிறவர் பொட்டியில் பார்க்க வேண்டியது வெர்ஷன் நம்பரை அல்ல, ஹை ஸ்பீட், பிரீமியம் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற பெயரை. செட்டாப் பாக்ஸுக்கு முதல் ரகமே தாராளம். 4கே படம் அறுபது ஃபிரேமில் ஓட இரண்டாவது போதும். மூன்றாவது, பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு. அந்தப் பொட்டிக்குள்ளேயே ஒயரும் வந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர் பேச்சைக் கேட்கலாம். புது வீடு கட்டுகிறவர்களிடம், "சுவத்துக்குள்ள பெரிய பைப்பாப் போட்டு வைங்க, பின்னாடி ஒயரை மாத்தணும்" என்பார். இரண்டு மீட்டருக்கு எந்த நல்ல ஒயரும் ஓடும். ஹாலின் மறுகோடியில் புரொஜக்டர் மாட்டி, பத்துப் பதினைந்து மீட்டர் 4கே அனுப்பப் பார்த்தால் செம்புக் கம்பி திணறும். ஆப்டிகல் ஒயர்தான் கைகொடுக்கும். யாரும் கேட்பதில்லை. தங்கம் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

காபி குடித்து, பையைக் கட்டி, டப்பாவோடு வந்த பிரிக்காத ஒயரையும் "உங்களுக்கு எதுக்கு இது" என்று உள்ளே போட்டுக்கொண்டு கிளம்புவார். வாசலில் செருப்பை மாட்டும்போது கண் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் போகும்.

"வெளிய பெரிய அட்டைப்பெட்டி நிக்குதே. அவங்க எத்தனை இன்ச் வாங்கியிருக்காங்க?"